சும்மா நிற்கத் தெரியாத கார்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. போன மே மாதம், நான் குடியேறிய இந்தக் குளிர்நாட்டின் ஷெலெஃப்டியோ நகரில், என் காரைத் தகுதி ஆய்வுக்குக் கொண்டுபோய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் செங்கல் நிறத்தில் ஒரு பழைய வால்வோ. உள்ளே ஓர் ஆணும் ஒரு பெண்ணும். ஆய்வாளப் பெண் புகைக்குழாயில் கருவியைச் செருகி, கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். வண்டி தேறிவிட்டது.

வண்டி தேறாமல் முகம் தொங்கிப்போனவர்களை அங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். நானே தொங்கப்போட்டிருக்கிறேன். தேறியதற்காக முகம் தொங்கிப்போன இருவரை அன்றுதான் பார்த்தேன். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்கள்கூட இன்னும் கொஞ்சம் தெளிவாக இருப்பார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் எதிரே இருந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏன்? எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். பெயர், வேலை, சாப்பாடு, யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதெல்லாம் நான் கட்டியது. அவர்கள் அண்ணன் தங்கையாகக்கூட இருக்கலாம். இருந்தால் மன்னிக்கட்டும். அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

“புர்த்ரெஸ்கில் அன்று பனி பெய்துகொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்ற ஏரிக்கரையில் ஒரு...”

வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே கை தானாகப் பனியை எழுதிவிடுகிறது. வாசகர் போர்வையைத் தேடப் போய்விடுவார்.

இரண்டாம் முயற்சி:

“ஏவெர்ட்டின் இதயம் சீராகத் துடிப்பதில்லை. அதற்காக மருத்துவர்கள் அவன் நெஞ்சில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். அவன் கைவைத்த அந்த இன்ஜினும்...”

நீங்களே மோப்பம் பிடித்திருப்பீர்கள். இன்ஜினும் இதயமும்! இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க என்னை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன். மறுநாள் படித்தபோது கூச்சமாக இருந்தது. கருவியைக் கழற்றிவிட்டேன். ஏவெர்ட் இப்போது நன்றாக இருக்கிறான். கொஞ்சம் முட்டிவலி உண்டு.

மூன்றாவது. இதிலேயே நின்றுகொள்கிறேன்.

சீவுக்கு நாற்பத்தாறு வயது. புர்த்ரெஸ்கில் ஏரியை ஒட்டிய வீட்டில் தனியாக இருக்கிறாள். குளிர்காலம் முழுக்க நகராட்சிக்காகப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறாள். (முதலில் அவளை நூலகராக வைத்திருந்தேன். எழுதுகிறவர்களுக்கு இந்த வியாதி உண்டு, யாரைப் பார்த்தாலும் நூலகராக்கிவிடுவோம்.) அவளிடம் ஒரு பழைய வால்வோ. அதன் இன்ஜினை இறக்கிவிட்டு டர்போ வைத்த வேறொன்றை ஏற்றினாள். இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட்டையும் பந்தயக்காரர்கள் போடுகிற பெரியதாக மாற்றினாள். எல்லாம் சொந்தக் கையால் செய்தாள். இன்ஜினை ஆட்டிவைக்கும் பழைய கணினிப்பெட்டிக்கு இந்தப் புது இன்ஜினோடு பழக்கமில்லை என்பதால், எண்களையெல்லாம் நாமே நிரப்பிக்கொள்கிற மாதிரி ஒரு பெட்டியை வாங்கிப் பொருத்தினாள்.

ஓட்டினால் வண்டி பறந்தது. நிறுத்தினால்தான் வம்பு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகு இன்ஜின் தானாக ஒரே சீராக ஓடிக்கொண்டு நிற்க வேண்டுமல்லவா, நம் மெக்கானிக்குகள் ஐட்லிங் என்பார்களே, அது நிற்கவில்லை. ஊம் என்று ஏறும். உர்ரென்று இறங்கும். அணைந்தே விட்டது என்று நினைக்கும்போது மறுபடி ஏறும்.

[அடிக்குறிப்பாக வைக்க நினைத்தது: ஐட்லிங்கைச் சும்மா நிற்பது என்று சொல்லலாம். சும்மா இருப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம் என்று நம் பக்கத்துச் சாமியார்கள் சொல்வார்கள். சாமியார்களுக்கு இன்ஜின் வேலையும் தெரிந்திருக்கும்போல.]

3

உள்ளூர் கார் கிளப்பில் கேட்டபோது எல்லோரும் ஏவெர்ட்டைக் கைகாட்டினார்கள். பக்கத்து ஊர் மரமில்லில் எலக்ட்ரீஷியன். ஐம்பதைத் தொட்டவன். கல்யாணம் என்று ஒன்றைப் பற்றி யோசித்து முடிப்பதற்குள் வயது போய்விட்டது. ஓர் அக்டோபர் வெள்ளிக்கிழமை, வேலை முடிந்ததும், லேப்டாப்பைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

“என்ன பண்ணுது?”

“நிக்க மாட்டேங்குது.”

“ஏறி எறங்குதா?”

“கேட்டா தெரியலயா? காது இருக்குல்ல?”

“இருக்கு. ரெண்டு.”

சீவுக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்க பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

ஷெட் கதவைத் திறந்து வைத்து, இருவரும் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். லேப்டாப் அவன் முட்டிமேல். திரையில் கட்டம் கட்டமாக எண்கள். அவன் ஒன்றைத் தொட்டுக் காட்டினான்.

“இது காத்து வால்வு. வேகம் கொறையுதுன்னு தெரிஞ்சதும் பதறிப்போய்த் தொறக்குது. ஓவரா தொறந்துடுது. அப்புறம் ஐயையோன்னு மூடுது. ஓவரா மூடிடுது.”

“எங்க அக்கா பாத்ரூம்ல குழாயத் திருகுற மாதிரி. சூடு, ஜில்லு, சூடு, ஜில்லு.”

“அதேதான். திருகிட்டுக் கொஞ்சம் பொறுக்கணும்.”

“அப்ப பொறுக்கச் சொல்லு.”

“சொல்லலாம். மெதுவாத்தான் சொல்லணும். அதட்டுனா கேக்காது.”

அவன் வேலை செய்கிற விதமே அப்படித்தான். ஒரு நாளைக்கு ஓர் எண்ணைத்தான் தொடுவான். மாற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இன்ஜின் ஓசையைக் கேட்பான். “எல்லாத்தையும் ஒண்ணா மாத்துனா எது என்ன பண்ணுச்சுன்னு தெரியாம போயிடும்” என்பான். அது நியாயமான பேச்சுதான். அதனால்தான் அடுத்த வெள்ளியும் வந்தான்.

அன்று சீவ் பால்ட் செய்திருந்தாள், உள்ளே பன்றி இறைச்சி வைத்து அவித்த உருளைக்கிழங்கு உருண்டை. வெண்ணெய் உருகி வழிந்தது.

“இன்னும் ரெண்டு வெக்கட்டுமா?”

ஏவெர்ட் உதட்டைக் குவித்து மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தான். கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி ஒரு சின்ன ஓசை. அவள் இரண்டு உருண்டைகளை வைத்தாள்.

[இதை விளக்கித்தான் ஆக வேண்டும். இந்தப் பக்கத்தில் ஆமாம் என்பதை இப்படித்தான் சொல்வார்கள், மூச்சை உள்ளே இழுத்து. வந்த புதிதில் ஒரு கடைக்காரர் இப்படிச் செய்தபோது ஆஸ்துமா என்று பதறித் தண்ணீர் தேடி ஓடியவன் நான். இப்போது எனக்கே தொற்றிக்கொண்டது. மதுரைக்குப் போன் பேசினால், “என்னாச்சு, மூச்சு முட்டுதா?” என்கிறாள் தங்கச்சி. இந்த ஓசையை எழுதிக் காட்ட என்னால் முடியவில்லை. நம் எழுத்துகள் எல்லாமே காற்றை வெளியே விட்டுச் சொல்பவை. உள்ளே இழுக்கிற எழுத்து நம்மிடம் இல்லை. இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் உங்கள் உதவி தேவைப்படும்.]

4

குளிர்காலம் இப்படியே ஓடியது. வெள்ளிக்கிழமை என்றால் ஏவெர்ட். வியாழக்கிழமை பனியைத் தள்ளிக்கொண்டே நாளைக்கு என்ன சமைப்பது என்று சீவ் யோசிக்கத் தொடங்கியிருந்தாள். ஓர் எண், ஓர் உருண்டை, ஒரு காபி. பெரும்பாலும் பேச்சில்லை. காருக்குள் இருவர் உட்கார்ந்து ஓர் இன்ஜினைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சுற்றி வளைப்பானேன், அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. அவன் கோட்டை மாட்டுவதற்கென்று ஷெட்டில் ஓர் ஆணி அடித்தாள். வீட்டில் ஆணிகள் ஏற்கெனவே நிறைய இருந்தன.

அக்கா உல்ரிகா போனில் பிடித்துக்கொண்டாள்.

“இன்னுமாடி அந்த ஆளு வர்றான்?”

“இன்ஜின் இன்னும் நிக்கலயே.”

“ஒருத்தன் இத்தன மாசமா ஒரே இன்ஜினப் பாத்துட்டிருக்கான்னா, ஒண்ணு அவனுக்கு வேல தெரியல, இல்ல உனக்கு விஷயம் தெரியல.”

“அவன் ஒண்ணும் சொல்லலயே.”

“நீ சொல்லேன்.”

“நான் என்னத்தச் சொல்றது?”

“பனிய மட்டும் மல மலையாத் தள்ளுற. வாயில இருந்து ஒரு வார்த்தையத் தள்ள முடியல உன்னால!”

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இன்ஜின் நின்றது. அதாவது சும்மா நின்றது. ஏறவில்லை, இறங்கவில்லை. டேஷ்போர்டில் வைத்த காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடிக்கும்வரை அப்படியே நின்றது.

“அவ்ளோதான் போல” என்றான் ஏவெர்ட்.

“அவ்ளோதானா?”

“ம்.”

லேப்டாப்பை மூட அவனுக்கு வழக்கத்தைவிட நேரம் ஆனது. சீவ் அதைக் கவனிக்கவில்லை. அவள் ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்தாள். இனி வெள்ளிக்கிழமை என்பது வியாழனுக்கு அடுத்த நாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஸ்க்ரூட்ரைவரோடு ஷெட்டுக்குப் போனாள். இன்ஜினுக்குப் பின்பக்கம் ஒரு ரப்பர் குழாய், அதைப் பிடித்திருக்கும் ஒரு கிளிப். இன்ஜினை ஓடவிட்டு, அதை அரைத் திருகு தளர்த்தினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே புகுந்தது. அணைத்துவிட்டு, பூனை மாதிரி வீட்டுக்குத் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை போன் செய்தாள்.

“திரும்பவுமா?” என்றான் ஏவெர்ட்.

“திரும்பவும்தான்.”

“போன வாரம் நல்லாத்தான இருந்துச்சு?”

“குளிரா இருக்கும்.”

“குளிர்தான். வேறென்ன” என்று அவன் உடனே ஒத்துக்கொண்டான். வந்ததும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

5

இந்த இடத்தில் கதை படுத்துவிட்டது. பல வாரம் தொடவே இல்லை.

காரணம் ஏவெர்ட். இவனை என்னால் நம்ப முடியவில்லை. நன்றாக நின்ற இன்ஜின் திடீரென்று ஆடினால், வேலை தெரிந்தவன் முதலில் என்ன செய்வான்? எங்கோ காற்று ஒழுகுகிறது என்று குழாய் குழாயாகத் தடவிப் பார்ப்பான். ஒரு காபி ஆறுவதற்குள் கிளிப்பைக் கண்டுபிடித்திருப்பான். இவனோ லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்காருகிறான். ஒன்று இவன் மடையன், இல்லை இவனை எழுதுகிற நான் மடையன். கிளப்பே கைகாட்டிய ஆள் மடையனாக இருக்க வாய்ப்பில்லை. மிஞ்சியது நான்தான்.

“ஏவெர்ட்டுக்கு அன்று ஜலதோஷம், அதனால் காற்று ஒழுகும் ஓசை அவன் காதில்...”

சே.

பிறகு ஒரு நாள் பல் துலக்கும்போது பிடிபட்டது. அவன் ஏன் குழாயைத் தேடவில்லை என்றால், கோளாறைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஆசையே இல்லை. தானே ஒரு கோளாறு வைக்கத்தான் காத்திருந்தான்.

ஆமாம், அவனும்தான். இன்ஜின் சும்மா நின்ற அந்த வெள்ளிக்கிழமை அவனுக்கும் பிடிக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஓர் எண்ணைத் திருத்தினான், காற்று வால்வு எவ்வளவு குறைவாகத் திறந்திருக்கலாம் என்கிற எண். அதைக் கொஞ்சம் கீழே இறக்கினான். காற்று போதாமல் இன்ஜின் தள்ளாடும். அடுத்த முறை லேப்டாப் கேபிளை வண்டியில் செருகினால் சரி, எண் உள்ளே போய்விடும். அவன் அதைச் செருகுவதற்கு முன்பே சீவ் போன் செய்துவிட்டாள் என்பதில் கொஞ்சம் யோசனைதான். ஆனால் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் யார் கேள்வி கேட்பார்கள்?

ஆக, நான்காம் பகுதியை நீங்கள் இந்தக் கண்ணோடு இன்னொரு முறை படிக்கலாம். நான் திருத்தி எழுதப்போவதில்லை, சோம்பல்.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் இரண்டு திருட்டுக் கைகள் ஒரே இன்ஜினில். சில வாரம் வண்டி அலறிக்கொண்டு ஏறியது, சில வாரம் விக்கி அணைந்தது. நாம் வைத்த கோளாறு இப்படிப் பண்ணாதே என்று இருவருக்கும் சின்னக் குழப்பம். யாரிடம் கேட்பது? திருடன் போலீசிடம் போய் விவரம் கேட்க முடியுமா?

6

மே வந்துவிட்டது. இந்த அளவுக்கு மாற்றிய வண்டி ஆய்வில் தேறினால்தான் சாலைக்கு வரலாம். ஐட்லிங்கில் நிற்க வைத்துப் புகையை அளப்பார்கள். வண்டி ஆடினால் தேறாது. தேறாவிட்டால் சரிசெய்து மறுபடி கொண்டுவர வேண்டும். சீவ் இதைத் தன் பாணியில் புரிந்துகொண்டாள். தேறாவிட்டால் ஏவெர்ட் வருவான்.

அவள் இந்த வண்டிக்காக எத்தனை வருடம் கை கிழித்துக்கொண்டிருக்கிறாள் என்பதை நான் சொல்லவில்லை. கோடையில் கிளப் வண்டிகள் ஊர்வலமாகப் போகும்போது அதில் தன் வண்டியும் போக வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசையாக இருந்தது. அந்தக் கோடையைத் தூக்கிப் போடத்தான் ஆய்வு நாளன்று காலை ஸ்க்ரூட்ரைவரை எடுத்தாள். கிளிப்பை நன்றாகவே தளர்த்தினாள்.

ஏவெர்ட் வந்தான்.

“கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு சின்னத் திருத்தம்” என்று கேபிளைச் செருகினான். வால்வை ஏறக்குறைய முழுக்கவே மூடிவிட்டான். நிறுத்தியதும் அணைந்துபோக வேண்டும் என்பது அவன் கணக்கு.

குளிர்ந்த இன்ஜின் எப்படியும் கொஞ்சம் வேகமாகத்தான் ஓடும், அதனால் கிளம்பும்போது ஒன்றும் தெரியவில்லை. புர்த்ரெஸ்கிலிருந்து போகும் சாலையில் நிற்க வேண்டிய இடமும் இல்லை, இருபுறமும் காடு. வரிசையிலும் அவளுக்கு முன்னால் யாரும் இல்லை, முதன்முதலில் சீவ் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தது ஆய்வுக்கூடத்துக்குள்தான்.

அவள் இன்ஜினின் அலறலை எதிர்பார்த்தாள். அவன் மரணத்தை எதிர்பார்த்தான்.

இன்ஜின் வேகம் காட்டும் முள் மெல்ல இறங்கி ஓர் இடத்தில் நின்றது. நின்றது நின்றதுதான்.

நடந்தது இதுதான். அவன் அடைத்த காற்றெல்லாம் அவள் திறந்த ஓட்டை வழியாக வந்துவிட்டது. இந்த வண்டியின் கணினிக்கு உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்பதுதான் கணக்கு, வாசல் வழியாக வந்ததா கொல்லை வழியாக வந்ததா என்று அது கேட்பதில்லை. பதறிப் பதறித் திறந்து மூடிய அந்த வால்வும் இப்போது அசைய வழியில்லாமல் மூடிக் கிடந்தது. பாத்ரூம் குழாயைத் திருகுகிறவளின் கையைக் கட்டிப்போட்டாகிவிட்டது.

ஆய்வாளப் பெண் திரையைப் பார்த்துவிட்டு ஜன்னலோரம் குனிந்தாள்.

“இவ்ளோ பெரிய கேம் போட்ட வண்டி இப்படிச் செல மாதிரி நின்னு நான் பாத்ததே இல்ல. யாரு பண்ணது?”

“இவன்தான்” என்றாள் சீவ்.

“இவதான்” என்றான் ஏவெர்ட்.

ஒரே நேரத்தில் சொன்னார்கள். இரண்டும் உண்மை. அப்போதுதான் கட்டைவிரல் உயர்ந்தது, அப்போதுதான் நான் அந்த முகங்களைப் பார்த்தேன்.

7

இனி முடிக்க வேண்டும்.

முடிவு ஒன்று: “‘ஏவெர்ட், அந்தக் கிளிப்பை நான்தான்...’ ‘சீவ், நானும் அந்த எண்ணை...’ இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்து, ஒருவரையொருவர்...”

வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், நாக்கு தித்தித்தது. தங்கள் பிறந்தநாளைக்கூட ஒத்துக்கொள்ளாத மனிதர்கள் இவர்கள். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: வாயைத் திறக்காமல் வீடு திரும்புகிறார்கள். அவன் ஆணியிலிருந்து கோட்டை எடுத்துக்கொண்டு போகிறான். கோடை முழுக்க வண்டி சிலை மாதிரி நிற்கிறது. வெள்ளிக்கிழமை அவள் ஒருத்திக்கு மட்டும் பால்ட் அவிக்கிறாள்.

இலக்கியத்துக்கு இதுதான் நல்லது என்று எனக்கும் தெரியும். எழுதியும் முடித்தேன். ஆனால் உல்ரிகா விடவில்லை. “ஏன்யா, உனக்கெல்லாம் மனசாட்சியே கெடையாதா? என் தங்கச்சிய ஒத்தையா உக்கார வெச்சுட்டு நீ நிம்மதியாத் தூங்குவியா?” நான் உண்டாக்கிய ஆள்தான், இருந்தாலும் பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கே தாங்கவில்லை.

முடிவு மூன்று: “அப்போது சாலையின் குறுக்கே ஒரு பெரிய கடமான்...”

இல்லை. கடமானுக்கு இதில் வேலை இல்லை.

8

என்னிடம் இருப்பது இதுதான்.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, ஆற்றைப் பார்த்து வண்டியை நிறுத்தினாள். அணைக்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த ஏலக்காய் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தாள். பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிய காபியை டேஷ்போர்டில் வைத்தாள். காபியில் ஒரு சின்ன அலைகூட இல்லை.

“நல்லா நிக்குது” என்றான் ஏவெர்ட்.

“நிக்குது.”

“இனிமே இதுல செய்ய ஒண்ணும் இல்ல.”

“இல்ல.”

ஷெட்டில் இருக்கும் ஆணியை அவள் நினைத்துக்கொண்டாள். ரொட்டியைப் பிய்த்தாள், தின்னவில்லை. அவன் மூடிய லேப்டாப்பைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே இருந்தான், அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

“சீவ்.”

“சொல்லு.”

“வெள்ளிக்கெழம... வேல ஒண்ணும் இல்லதான்.”

“அதான் சொன்னியே.”

“வேல இல்லாம வரலாமா? சும்மா?”

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சீவ் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் உதடுகள் குவிந்தன.

இதற்கு மேல் எழுத என்னிடம் எழுத்து இல்லை, முன்பே சொன்னேன். மீதி உங்கள் வேலை. பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விருப்பமில்லை என்றால் விட்டுவிடலாம், ஒன்றும் கட்டாயமில்லை. அவர்கள் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள், பெட்ரோல் வீணாகும், நின்ற இடத்தில் இப்படி வண்டியை ஓடவிட்டால் இந்த ஊரில் யாராவது வந்து திட்டவும் திட்டுவார்கள். மனமிருந்தால் உதட்டைக் குவியுங்கள். மூச்சைச் சட்டென்று உள்ளே இழுங்கள்.

ஏவெர்ட்டுக்குக் கேட்டுவிட்டது.